அரையில் காவ ஒரு சிறு கத்தி

வெங்கலச்செட்டிகுளம் பிரதேசத்தில் வயல், தோட்டம், மாடு, குளம் என்று ஏதோ ஒன்றை நம்பிப் பிழைக்கும் வீட்டில் காட்டுக்கத்தி இல்லாமல் இராது. கோடாலியோடும் அலவாங்கோடும் அது கோடிப்பக்கம் சாத்தியிருக்கும். ஆனால் ஒரு நாளில் கத்தி தேடும் வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். உரப்பையின் தையலை அறுக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயைத் துண்டாக்க வேண்டும். வேலி கட்டிய நைலோன் கயிற்றின் மிச்சத்தை வெட்ட வேண்டும். ஆட்டுக்கு ஒடித்த குழையில் முள்ளைச் சீவ வேண்டும், குளத்தில் பிடித்த விராலைத் துப்புரவாக்க வேண்டும், மத்தியானத்துக்கு ஒரு கெக்கரிக்காயைப் பிளக்க வேண்டும். கன்றின் கழுத்தில் கயிறு இறுகிவிட்டால் உடனே அறுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூடக் காட்டுக்கத்திக்குரிய வேலை அல்ல. இவற்றுக்கு வேண்டியது மடங்காத, உறையில் போட்டுக் காவக்கூடிய, நாலங்குல அலகுள்ள சிறு கத்தி. அதை வாங்கப் போகிறவர் கையில் எடுத்ததும் பாரத்தையும் தடிப்பையும் பார்த்துத்தான் மயங்குவார். பாரமான கத்தியே பலமான கத்தி என்று தோன்றும். இந்த அத்தியாயத்தின் கட்சி அதற்கு நேரெதிரானது. சிறு கத்தி மெல்லியதாக இருக்க வேண்டும். இரும்பின் பெயர், பிடியின் பளபளப்பு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கத்தி பொருளை அறுப்பது ஆப்பு வேலையால். வாய் உள்ளே இறங்கிய பிறகு அலகின் இரு பக்கங்களும் பொருளைத் தள்ளி விலக்கினால்தான் மேலும் இறங்க முடியும். 25 மில்லிமீற்றர் அகலமுள்ள இரண்டு அலகுகளை எடுப்போம். இரண்டும் முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரிந்து வருகின்றன. ஒன்றின் முதுகுத் தடிப்பு 5 மில்லிமீற்றர். அதன் இரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 11 பாகைக்குச் சற்று மேல் வரும். மற்றதன் முதுகு 2.5 மில்லிமீற்றர், கோணம் 6 பாகைக்கும் குறைவு. வாயை இரண்டிலும் ஒரே அளவு தீட்டியிருந்தாலும் கெக்கரிக்காயில் தடித்த கத்தி பாதி வழியில் காயை வெடிக்கச் செய்யும், மெல்லியது கடைசிவரை அறுத்துக்கொண்டு போகும். தடித்த கைத்தடியைச் சீவும்போதும் இதே வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும். கடையில் கிடைக்கும் தடித்த கத்திகள் பலவற்றில் நிலைமை இதைவிட மோசம். அவை முதுகிலிருந்து சரிவதில்லை. அலகின் கீழ்ப்பகுதியை மட்டும் கொஞ்சம் அராவி விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கத்தியின் கூர் புதிதில் மயிரை வழிக்கும். இரண்டு மாதம் தீட்டியதும் வாய் தடிப்பான பகுதிக்கு ஏறிவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அது அறுக்காது. குற்றம் தீட்டியவர் மேல் விழும், உண்மையில் பிழை அலகின் வடிவத்தில்.

மெல்லிய அலகு முறிந்துபோகுமே என்பது முதல் ஆட்சேபம், நியாயமான ஆட்சேபமும்கூட. அதற்குப் பதில் நீளத்தில் இருக்கிறது. ஒரு தகட்டின் தடிப்பைப் பாதியாக்கினால் வளைவை எதிர்க்கும் தன்மை எட்டில் ஒன்றாகக் குறையும். அதே தகட்டின் நீளத்தைப் பாதியாக்கினால் அந்தத் தன்மை எட்டு மடங்காகக் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாலங்குல நீளமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கத்தி, அதே அகலத்தில் எட்டங்குல நீளமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கத்தியளவு விறைப்பாக நிற்கும். பெரிய கத்திக்குத் தடிப்பு வேண்டியிருப்பது அது நீளமாக இருப்பதால்தான். முறிவைத் தாங்கும் பலம் வேறு கணக்கு என்பதையும் மறைக்கக் கூடாது: முனையில் ஒரே விசையைக் கொடுத்தால் சிறு கத்தி தாங்குவது பெரியது தாங்குவதில் பாதிதான். ஆனால் அந்தப் பலம் எதற்குத் தேவைப்படுகிறது? ரின் மூடியை நெம்ப, பலகையில் அறைந்த ஆணியைக் கிளப்ப, கல்லைப் புரட்ட. இந்த வேலைகளுக்கு அலவாங்கு இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு பழைய திருப்புளி போதும். நெம்புவதற்காகக் கத்தியைத் தடிப்பாக வாங்குகிறவர், ஆண்டில் நாலு தடவை செய்யும் வேலைக்காக நாளுக்கு நாற்பது தடவை செய்யும் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்.

தடித்த கத்தியின் மேலுள்ள மயக்கத்துக்குச் சினிமாவும் ஒரு காரணம். 1982 இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ராம்போ வைத்திருந்தது முதுகில் வாள்பற்கள் வெட்டிய, உள்ளே குழலான பிடியுள்ள பெரிய கத்தி. படத்துக்காகச் செய்த அந்தக் கத்தி நல்ல கொல்லர் கை வேலை. அதைப் பார்த்து உலகமெங்கும் கொட்டிய மலிவுப் பிரதிகள்தான் தொல்லை. பிடிக்குள்ளே தூண்டில் நூலும் தீப்பெட்டியும், மூடியில் திசைகாட்டியும் இருக்கும். அலகிலிருந்து பிடிக்குள் போகும் இரும்பு மட்டும் இராது. அலகு பிடியின் வாயோடு நின்றுவிடுகிறது, முறிவதும் அங்கேதான். முதுகிலுள்ள வாள்பற்களால் மரம் அறுக்கவும் முடியாது, பெருவிரலை முதுகில் ஊன்றி அழுத்தவும் முடியாது. இரு பக்கமும் கூர் உள்ள கத்திக்கும் இதே குறை உண்டு. அதோடு அதைப் பார்த்தவுடன் ஆயுதம் என்றே எவரும் சொல்வார்கள்.

கத்தியோடு வாழ்ந்த தொழிலாளர் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல சாட்சியம். வடக்கில் கத்தியின் கூரை நம்பியே சீவித்தவர்கள் பனை, தென்னை சீவுபவர்கள். பாளையை நாளாந்தம் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் கள்ளு வடியும். மொட்டைக் கத்தியால் நசித்தால் பாளை அடைத்துக்கொள்ளும். அந்தக் கத்தி இடுப்பில் கட்டிய கூட்டில் போகும், வேறு எந்த வேலைக்கும் எடுக்கப்படாது, ஒவ்வொரு நாளும் தீட்டப்படும். அலகின் மெலிவும், கூட்டின் ஒழுங்கும், தீட்டும் பழக்கமும் ஒன்றாகப் போகின்றன என்பதை நமக்கு முதலில் காட்டியவர்கள் அவர்கள். உலகின் மறு கோடியில் சுவீடனின் மோரா என்ற ஊரிலும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். 1891 இல் தொடங்கிய அந்த ஊர்க் கத்தித் தொழிற்சாலையின் மிகச் சாதாரணக் கத்தியின் அலகு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. பனிக்காட்டில் மரம் வெட்டுபவர் கோடாலியோடு இடுப்பில் காவுவது அத்தகைய ஒரு கத்தியை. பெரிய வெட்டுக்குக் கோடாலி, சிறிய வெட்டுக்கு மெல்லிய கத்தி என்று வேலையைப் பிரித்துக்கொண்டதால் அந்தக் கத்தி தடிக்கத் தேவைப்படவில்லை. மோராக் கத்தியிலும் ஒரு குறை சொல்லலாம்: அதன் சரிவு வாயை ஒட்டிக் குட்டையாக இருப்பதால் தடி சீவத் திறமாகவும் காய்கறி நறுக்கக் கொஞ்சம் பின்தங்கியும் இருக்கும். தோட்டக்காரருக்கு முதுகிலிருந்தே சரியும் அலகு பொருத்தம்.

இங்கே இரண்டாவது ஆட்சேபம் வரும். பழகிய கை காட்டுக்கத்தியாலேயே எல்லாம் செய்துவிடுமே, பிறகு ஏன் இன்னொன்று? முதியவர்கள் காட்டுக்கத்தியின் அலகைப் பிடிக்குக் கிட்டப் பிடித்துப் பனங்கிழங்கு உரிப்பதைக்கூடக் காணலாம், திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் கொத்துவதற்கென்று மொத்தமாகத் தீட்டிய வாய் அது. கல்லிலும் வேரிலும் பட்டு அங்கங்கே பல்லு விழுந்திருக்கும். அதைவிட முக்கியம், அது உடம்போடு இராது. வயலின் இந்தத் தலைப்பில் வேலை செய்யும்போது காட்டுக்கத்தி அந்தத் தலைப்பில் வரம்பில் கிடக்கும். கயிற்றை அறுக்க அவ்வளவு தூரம் நடக்கச் சலித்து நாம் பல்லால் கடித்து இழுக்கிறோம். எட்டிய இடத்தில் எப்போதும் இருப்பதே சிறு கத்தியின் முதல் தகுதி. முழுக் கத்தியும் உறையும் சேர்ந்து 150 கிராமுக்கு மேல் போனால் இரண்டாவது கிழமையே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்குவோம். மெலிவுக்கு இது இன்னொரு நியாயம்.

மடக்கக்கூடிய வில்லுக்கத்தி இன்னும் இலேசானது, சட்டைப் பையில் அடங்கும் என்பார்கள். உண்மை. ஊர்ப்பக்கம் போகையில், பெட்டி பிரிக்க, மாம்பழம் வெட்ட அது போதும். வயலில் அதன் குறை மூட்டில் இருக்கிறது. மீன் செதிலும் சேறும் மணலும் மூட்டுக்குள் போனால் கழுவி எடுக்க முடிவதில்லை. அங்கேதான் துருவும் பிடிக்கும், மணமும் நிற்கும். பூட்டு இல்லாத மலிவு வில்லுக்கத்தி அழுத்தும்போது விரலின் மேலேயே மடங்கும். ஒரு கையில் துள்ளும் கன்றைப் பிடித்தபடி மறு கையால் மடக்குக் கத்தியை விரிப்பது எல்லாருக்கும் வாய்க்கிற வித்தை அல்ல. மடங்காத கத்தியில் இழுத்தால் வந்துவிடும், நீரை ஊற்றினால் கழுவுப்பட்டுவிடும்.

இரும்புக்கு வருவோம். செட்டிகுளத்தில் மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டும். மற்றக் காலத்தில் வெயில், வெயிலோடு வேர்வை. வேர்வையில் உப்பு இருப்பதால் கோடையிலும் கத்தி துருப்பிடிக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அதனால் எவர்சில்வர் கத்திதான் சரி என்று நினைப்பது இயல்பு. எவர்சில்வர் என்று சொல்லக் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் வேண்டும். நல்ல கத்தி எஃகில் 13 வீதமளவு இருக்கும். அப்படியான கத்தி மீன்பிடிக்கும் ஆளுக்கும், தேன் எடுக்கிறவருக்கும், கத்தியைத் துடைக்க மறக்கிறவருக்கும் ஏற்றது. ஆனால் எவர்சில்வரில் இரண்டு சாதி உண்டு. கோப்பையும் கரண்டியும் செய்யும் சாதியைக் காய்ச்சித் தோய்ச்சாலும் அது இறுகாது. அதில் செய்த கத்தி கூர் தாங்காது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத அலகை வாங்க வேண்டாம். ஒட்டிய அலகெல்லாம் நல்லது என்று ஆகாது, ஒட்டாதது நிச்சயம் கெட்டது. கரிமம் கூடிய சாதாரண எஃகு துருப்பிடிக்கும், ஆனால் வீட்டுக் கல்லிலேயே சீக்கிரம் கூராகும், உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்விக்கலாம். ஒவ்வொரு பின்னேரமும் துடைக்கும் பழக்கமுள்ளவருக்கு அதுவே போதும். இந்த இரண்டில் எது என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது; அலகு மெல்லிதா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

நம்மூர்ப் பட்டறை இரும்பை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. இந்தத் தீவில் எஃகு உருக்கிய வரலாறு சின்னதல்ல. சமனலவெவப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகளை கிலியன் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்து, அவை முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் கரிமம் கூடிய எஃகைத் தந்தவை என்று 1996 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தப் பெருமை இன்றைய கத்திக்கு உத்தரவாதம் தராது என்பதும் சரிதான். இன்று பட்டறையில் கத்தியாவது பெரும்பாலும் லொறியின் வில்லுத் தகடு. அது நல்ல எஃகு, நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரிமம் உள்ளது, அடி தாங்கும். அதன் சிக்கல் தடிப்பு. மில்லிமீற்றர் கணக்கில் ஆறும் அதற்கு மேலும் இருக்கும் தகட்டை 2.5 ஆக அடித்து மெலிப்பது பெரிய உழைப்பு. அதனால் நாம் கேட்காவிட்டால் கொல்லர் நாலு மில்லிமீற்றரில் நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, தடிப்பாய் இருந்தால்தான் வாங்குபவர் மெச்சுகிறார். மர ஆலையில் கழித்த வாள்பட்டை கிடைத்தால் வேலை சுகம், அது ஏற்கெனவே மெலிந்தது. யுத்தம் விட்டுப்போன கழிவிரும்பு எதையும் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்பது உலையில் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

தோய்ச்சலில்தான் கத்தியின் ஆயுள் தீர்மானமாகிறது. காய்ச்சிய எஃகில் காந்தம் ஒட்டாமல் போகும் சூடு 770 பாகை செல்சியஸ் அளவில் வரும். அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். வில்லுத் தகட்டைத் தண்ணீரில் அமிழ்த்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். அமிழ்த்திய அலகு கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும், எனவே மறுபடி இளஞ்சூட்டில் இளக்க வேண்டும். பளபளப்பாகத் தேய்த்த இரும்பு வைக்கோல் நிறம் காட்டினால் 220 பாகை, மண்ணிறம் என்றால் 250 கடந்தது, நீலம் என்றால் 300 ஐ எட்டிவிட்டது. சிறு கத்தியின் வாய்க்கு வைக்கோல் நிறமும் மண்ணிறமும் சந்திக்கும் இடம் பொருத்தம். வாங்குபவர் உலைக்களத்தில் நிற்க முடியாதுதான். அவர் செய்யக்கூடிய சோதனை அரம். வாயை ஒட்டி ஒரு நல்ல அரத்தை மெதுவாக இழுத்தால், பச்சை இரும்பைப் போலக் கடித்துத் தூள் கொட்டுவது தோய்ச்சல் இல்லாத கத்தி. துளியும் பிடிக்காமல் வழுக்கிச் சறுக்குவது இளக்காத கத்தி, கல்லில் பட்டால் பல்லு விழும். மனமில்லாமல் சற்றே பிடித்தால் நல்லது. கிரைண்டரில் தேய்த்த கத்தியில் வாயோரம் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடம் வெந்து இளகிவிட்டது. அந்தப் பகுதி தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது.

பிடியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூட இருக்க வேண்டும், வட்டமாக இருக்கக் கூடாது. இருட்டில் எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிய முட்டை வடிவமே சரி. அலகின் இரும்பு பிடிக்குள் முக்கால் பங்காவது போயிருக்க வேண்டும். அரக்கு மட்டும் வைத்து இறுக்கிய பிடி வெயிலில் இளகும், குறுக்கே ஓர் ஆணி அவசியம். கொய்யா, புளி, வேம்பு எதுவும் போதும். முதிரையும் கருங்காலியும் அழகுதான், ஆனால் காட்டில் நிற்கும் அந்த மரங்களில் கைவைத்தால் வனவளத் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தச்சுப்பட்டறையில் கழித்த துண்டு இருந்தால் கேட்டு வாங்கலாம். பிடியில் சிவப்போ மஞ்சளோ பூசிவிடுங்கள், புல்லில் விழுந்தால் கண்ணில் படும். உருமறைப்பு நிறத்தில் பிடியும் உறையும் விற்கிறார்கள். வன்னியில் அந்த நிறத்தில் எதையும் காவித் திரிவது வீண் கேள்விகளை வரவழைக்கும்.

கத்தியில் காட்டும் கவனத்தில் பாதியை உறையில் காட்டுபவர் குறைவு. விபத்துகள் பெரும்பாலும் கத்தியை எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான் நேர்கின்றன. சாரத்தின் மடிப்பில் கத்தியைச் செருகுவது இங்கே பழகிப்போன ஒன்று. குனிந்தால், வரம்பில் சறுக்கினால், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் அந்த முனை தொடையிலோ அடிவயிற்றிலோ இறங்கும். சாரம் உடுத்துபவர் அதன்மேல் ஓர் அகலப் பட்டி கட்டி உறையை அதில் கோர்க்கட்டும். குழையும் விறகும் சேர்க்கப் போகும் பெண்கள் உமலில் போட்டுக் காவினாலும் உறை வேண்டும். உறையின் கயிற்றை உமலின் காதோடு முடிந்துவிட்டால் தேடத் தேவையில்லை. தோல் உறை பார்வைக்கு நல்லது. மாரியில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கத்தியைத் துருவேற்றும், பூஞ்சணமும் பிடிக்கும். தண்ணீர்க் குழாய்த் துண்டில் செய்த உறை இந்த நாட்டு மாரிக்குத் திறம். குழாயைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டால் இளகும். நெருப்பில் காட்ட வேண்டாம், கருகினால் வரும் புகை நச்சு. அலகில் இரண்டு சுற்றுத் துணி சுற்றி, இளகிய குழாயை அதன்மேல் இரண்டு பலகைக்கிடையே அழுத்தி ஆறவிட்டால் உறை வந்துவிடும். அடியில் நீர் வடிய ஒரு துளை விட வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழாமல் இருந்தால்தான் அது உறை.

மெல்லிய வாய் சீக்கிரம் மொட்டையாகும் என்பது மிஞ்சியிருக்கும் ஆட்சேபம். கல்லிலும் மண்ணிலும் குத்தினால் ஆகத்தான் செய்யும். ஆனால் மெல்லிய வாயைக் கூராக்குவதும் சுலபம், ஏனென்றால் தேய்த்து அகற்ற வேண்டிய இரும்பு அதில் குறைவு. தீட்டுக்கல் இல்லாவிட்டால் 400 இலக்க எமரித்தாளையும் பிறகு 1000 இலக்கத்தாளையும் ஒரு சமமான பலகையில் ஒட்டி, நனைத்து, பக்கத்துக்கு 20 பாகையளவு சாய்த்துத் தீட்டலாம். நாளாந்தம் ஒரு பீங்கான் கோப்பையின் கவிழ்த்த அடி விளிம்பில் நாலைந்து இழுவை இழுத்தாலே கிழமைக்கணக்கில் கல் தேவைப்படாது. புளியும் மாங்காயும் தேசிக்காயும் வெட்டிய கரிம எஃகு கறுத்துப்போகும். அதைச் சுரண்டி வெளுப்பாக்க வேண்டாம். அந்தக் கறுப்புப் படலம் இருந்தால் சிவப்புத் துரு மெதுவாகத்தான் ஏறும். துடைத்துக் காயவைத்துத் துளித் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். கத்தியை இரவில் உறைக்குள் விடாமல் வெளியே வையுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில்.

கத்தி எதற்கல்ல என்பதும் வழிகாட்டியில் சேர்த்தி. புடையனோ சுருட்டையோ கடித்தால் கடிவாயைக் கீறி இரத்தம் எடுக்கக் கூடாது. அதனால் நஞ்சு வெளியேறாது. இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சு ஏறியவருக்கு அந்தக் கீறலே ஆபத்து. காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். யானைக்குக் கத்தி எந்தப் பதிலும் அல்ல. அந்தியில் காட்டோரம் தங்காமல் இருப்பதே பதில். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது, வன்னியில் பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பழகாத காட்டில் மண்ணைக் கத்தியால் கிண்டுவதோ, மண்ணில் தெரியும் இரும்பை முனையால் கிளப்பிப் பார்ப்பதோ உயிரோடு விளையாடுவது. கண்டதைத் தொடாமல் வந்த வழியே திரும்பி 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். கத்தி காவுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்த நாட்டில் பிரித்தானியர் காலத்திலிருந்தே இருக்கிறது. தோட்டத்திலும் வயலிலும் அது தொழிற்கருவி. வவுனியா பஸ்ஸிலும், நீதிமன்ற வாசலிலும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாக் கூட்டத்திலும் அதற்கு நியாயம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. வேலை முடிந்து ஊருக்குள் போக முன் கழற்றி வைத்துவிடுங்கள். உறையோடு தெரியும்படி காவுவதும் நல்லது. ஒளித்து வைத்த கத்தியே பொலிசாருக்குச் சந்தேகம் தரும்.

கடைக்கோ பட்டறைக்கோ போக முன் தடித்த மட்டையில் கத்தியின் உருவத்தை வரைந்து வெட்டிக் கொண்டுபோங்கள்: அலகு நாலங்குலம், அகலம் ஓரங்குலம், முனை முதுகிலிருந்து மெல்ல இறங்குவதாக. முதுகுத் தடிப்புக்கு ஒரு ரூபாய்க் குற்றியைக் காட்டுங்கள். அதைவிடச் சற்றுக் கூடினால் பரவாயில்லை, இரண்டு குற்றியைச் சேர்த்து வைத்த தடிப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெலிய அடிக்கும் உழைப்புக்குக் கொல்லர் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், அந்தக் கத்தியில் நீங்கள் வாங்குவதே அந்த உழைப்பைத்தான். காசைக் கொடுக்க முன் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.